பொண்ணுங்க பக்கம் போய் உட்காரு

வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கம் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தத் தண்டனையைச் சொல்வார்கள். பாடம் நடக்கும்போது பேசிக்கொண்டே இருக்கிற பையனை எழுப்பி, "போ, போய்ப் பொண்ணுங்க நடுவுல உட்காரு" என்பது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு பிரம்பெடுக்க ஆசிரியர்கள் யோசிக்கிறார்கள், முட்டி போட வைக்கவும் யோசிக்கிறார்கள். இதற்கு மட்டும் யாரும் யோசிப்பதில்லை. அடி இல்லை, தழும்பு இல்லை, வகுப்பே சிரிக்கிறது, பையனும் அடுத்த அரைமணி நேரம் வாயைத் திறக்க மாட்டான். அதனால் இதைத் தண்டனை என்றே யாரும் கணக்கில் வைப்பதில்லை. அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. அது ஒருபக்கம் இருக்கட்டும். எனக்கு இந்த விஷயம் ஆறாமல் கிடப்பதற்குக் காரணம் வேறு. அந்தப் பத்து நிமிஷத்தில் வகுப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைகளின் சிநேகிதமும் கொஞ்சம் இடம் மாறிப்போகிறது. பெரியவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை.

நாலாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் புத்தகப் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வருவான். பெஞ்சு ஓரத்தில் இருக்கிற பெண் தன்னை ஒடுக்கிக்கொண்டு உள்ளே நகர்வாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பை வந்து உட்காரும். பெரும்பாலும் அதை வைப்பது அவள்தான். பின்னாலிருந்து "ஏய், மாப்ள வந்துட்டாரு டோய்" என்று ஒரு குரல் வரும். பையன் தலையைத் தூக்காமல் ரப்பரை நோண்டிக்கொண்டிருப்பான். இப்போது யார் யாருக்கு என்ன பாடம் போயிற்று என்று பாருங்கள். பெண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது கீழே இறங்குவது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தான் தினமும் உட்காருகிற பெஞ்சு இன்னொருவனைத் தண்டிக்கப் பயன்படுகிற இடம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை, அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நேற்றுவரை நடைவழிக்கு அந்தப் பக்கம் கை நீட்டி ஸ்கெட்ச் பென்சில் வாங்கிக்கொண்டிருந்த இன்னொரு பையன் நாளையிலிருந்து கேட்க மாட்டான். ஏற்கெனவே பெண் பிள்ளைகளோடு அஞ்சாங்கல் ஆடுகிற பையன் ஒருவன் அந்த வகுப்பில் இருந்தால், எல்லோரும் ஒரு தரம் திரும்பி அவனைப் பார்த்திருப்பார்கள். அவன் நிலைமைதான் எல்லாவற்றிலும் மோசம்.

அடுத்த மாதம் அறிவியல் செயல்பாட்டுக்கு அதே ஆசிரியர் ஆண், பெண் கலந்து குழு பிரிப்பார். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் கூச்சம் அதிகம்" என்று முடித்துவிடுவார்.

தானாகப் பிரிவதும் நாம் பிரிப்பதும்

குழந்தைகள் தாங்களாகவே பிரிகிறார்கள் என்பது உண்மை. இதை மறைத்துப் பேசுவதில் லாபம் இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் எலினார் மெக்கபியும் கரோல் ஜாக்லினும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், நாலரை வயதில் குழந்தைகள் மற்ற பாலினத்தாரோடு இருப்பதைவிடத் தம் பாலினத்தாரோடு சுமார் 3 மடங்கு நேரம் விளையாடினார்கள். ஆறரை வயதில் அது சுமார் 11 மடங்காகிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து நிலைக்கிற அதே இரண்டு வருஷம். இதற்கு முன்பே, 33 மாதக் குழந்தைகளை முன்பின் தெரியாத ஜோடிகளாக விளையாட விட்டு இருவரும் பார்த்திருக்கிறார்கள். பெண்ணும் பெண்ணும், பையனும் பையனும் சேர்ந்தபோது கலகலப்பு. பெண்ணையும் பையனையும் சேர்த்தபோது பல பெண் குழந்தைகள் ஒதுங்கி நின்று பையன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. மெக்கபி சொன்ன காரணங்களில் எனக்கு மிகவும் பொருந்துவதாகப் படுவது இது: பையன்களின் விளையாட்டில் இடிப்பு, தள்ளல், பிடுங்கல் அதிகம். பெண் குழந்தை "இப்பிடி ஆடலாமா?" என்று கேட்டுத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறது. பையன் அந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. தன் பேச்சு எடுபடாத இடத்தில் யார்தான் நிற்பார்கள்?

பிரிந்த பிறகு நடப்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கரோல் மார்ட்டின், ரிச்சர்ட் ஃபேப்ஸ் இருவரும் 2001-இல் காட்டியது இது: தம் பாலினத்தாரோடு அதிக நேரம் விளையாடின குழந்தைகளிடம், பள்ளி ஆண்டு போகப்போக, அந்தப் பாலினத்துக்கே உரியதாகச் சொல்லப்படும் நடத்தை கூடிக்கொண்டே போயிற்று. மருந்து அளவு கூடக் கூட வேலை கூடுவதுபோல. பையன்கள் கூட்டம் பெரிதாகிறது. பந்து, ஓட்டம், யார் பெரியவன் என்கிற வரிசை. பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நெருக்கமாகிறார்கள். அதில் பேச்சு அதிகம், 'டூ' விடுவதும் 'பழம்' விடுவதும் அதிகம். இரண்டிலும் நல்லது இருக்கிறது. ஆனால் பத்து வயதுக்குள் இந்தப் பையனுக்கு, சிநேகிதன் முகம் வாடியிருந்தால் என்ன கேட்பது என்று தெரிவதில்லை. அந்தப் பெண்ணுக்கு, சண்டை போட்டுவிட்டு அதே ஆட்டத்தில் தொடர்ந்து ஆடத் தெரிவதில்லை. ஒரு சண்டை வந்தால் வாரக்கணக்கில் டூ. ஒருவர் பக்கம் இருப்பது மற்றவர் பக்கம் போயிருக்க வேண்டியது, போகவில்லை.

தெருவைப் பார்த்தால் இது இவ்வளவு கறாராக இல்லை. குடியாத்தத்தில் தறிச் சத்தம் கேட்கிற சந்துகளில், ஆம்பூரில் அம்மாக்கள் ஷூ கம்பெனியிலிருந்து திரும்பும்வரை பிள்ளைகள் காத்திருக்கிற தெருக்களில், பத்து வயது அக்கா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பாண்டி ஆடுவாள். தம்பியை இறக்கிவிட்டால் அவனும் சில்லைத் தூக்கிப் போடுவான். வயது கலந்திருக்கிற இடத்தில் ஆணும் பெண்ணும் கலப்பது எளிது. ஆள் குறைவாக இருக்கும்போது யாரையும் ஒதுக்க முடியாது. சுற்றி நின்று கேலி பேசக் கூட்டமும் இல்லை. அமெரிக்கப் பள்ளி மைதானங்களை வருஷக்கணக்கில் பார்த்த பாரி தார்ன் 1993-இல் எழுதியதும் இதுதான்: ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே இடத்தில் குவிக்கிற பள்ளிக்கூடத்தில் பிரிவு கூடுகிறது, அக்கம்பக்கத்தில் குறைகிறது.

பள்ளிக்கூடம் அதோடு நிறுத்துவதில்லை. வருகைப் பதிவேட்டில் பல இடங்களில் பையன்கள் பெயர் முதலில், அப்புறம் பெண்கள். பிரேயருக்கு இரண்டு வரிசை. சத்துணவுக்கு இரண்டு வரிசை. வினாடி வினா என்றால் "பாய்ஸ் டீம், கேர்ள்ஸ் டீம்". ஒவ்வொன்றும் சின்னது. லேசி ஹில்லியர்டும் லின் லைபனும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சின்ன விஷயங்களை மட்டுமே சோதித்தார்கள். சில முன்பருவ வகுப்புகளில் ஆசிரியர்கள் ஆண், பெண் என்று வரிசை பிரித்தார்கள், அப்படியே கூப்பிட்டார்கள், பிள்ளைகள் செய்ததைத் தனித்தனிப் பலகையில் ஒட்டினார்கள். பெண் மட்டம், பையன் உசத்தி என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டே வாரம். அந்தக் குழந்தைகள் மற்ற பாலினத்தாரைப் பற்றி முன்னைவிடக் குறைவாக நல்லது சொன்னார்கள், அவர்களோடு விளையாடுவதும் குறைந்தது. இரண்டு வார வரிசைக்கே இப்படி என்றால், பத்து வருஷ வரிசைக்கும், அதன் நடுவே "பொண்ணுங்க பக்கம் போ" என்கிற தண்டனைக்கும் என்ன ஆகும்?

வீட்டில் நாம் செய்வது இன்னொன்று இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வு எதையும் படித்து இதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அத்தை பையனும் மாமா பெண்ணும் ஐந்து வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கல்யாண வீட்டில் யாராவது ஒரு பெரியம்மா, "இன்னா கண்ணு, உன் வூட்டுக்காரரு வந்துட்டாரா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இது பாசத்தில் சொல்வது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்கு இது தாங்காது. அடுத்த திருவிழாவுக்கு அவன் வந்தால் அவள் சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். கிண்டல் செய்தவர்களே, "சின்னதுல எப்படி ஒட்டிக்கினு இருந்துதுங்க, இப்ப பாரு வெக்கத்த" என்பார்கள். அது வெட்கம் இல்லை. ஒரு சிநேகிதம் அங்கே முடிந்துபோயிருக்கிறது. பள்ளிக்கூடச் சுவரில் இரண்டு பெயரைச் சேர்த்து எழுதிவைக்கிற பிள்ளைகள் இந்தக் கிண்டலை வீட்டிலிருந்துதான் எடுத்துப் போகிறார்கள்.

பையன் கொடுக்கிற விலை

பெண் கிரிக்கெட் மட்டை எடுத்தால் கொஞ்சம் வயதுவரை "பையன் மாதிரி" என்று பெருமையாகவே சொல்வார்கள். வயதுக்கு வந்ததும் அந்தப் பெருமை ஒரே நாளில் நின்றுபோகும். மஞ்சள் நீராட்டுக்கு அப்புறம் பாலாற்று மணலில் அவள் ஓடுவதை யாரும் விடுவதில்லை. அதுவும் பெரிய இழப்புதான். பையன் விஷயத்தில் இது மூன்று வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அங்கன்வாடியில் சொப்புச் சாமான் வைத்துச் சோறாக்குகிற பையனுக்கு முதல் கேலி ஆயாவிடமிருந்து வராது, பக்கத்தில் இருக்கிற இன்னொரு பையனிடமிருந்து வரும். பெவர்லி ஃபேகட் 1977-இல் முன்பருவப் பள்ளிகளில் கண்டதும் இதேதான்: பெண்களுக்குரியதென்று கருதப்பட்ட விளையாட்டை விரும்பிய பையன்களுக்குக் கூட விளையாடும் பிள்ளைகளிடமிருந்தே குறை கூறல் அதிகம் வந்தது, எதிர்ப்பக்கம் போன பெண்களுக்கு அந்த அளவு இல்லை.

இது வேலூர் மண்ணில் நடப்பதுதான் எனக்கு ஜீரணிக்க முடியாத விஷயம். திரௌபதி அம்மன் கோயில் அக்கினி வசந்த விழாவுக்குக் கூத்து வைக்கிற ஊர்கள் இங்கே எத்தனை! பெண் வேஷம் கட்டுகிற ஆண் கலைஞர் திரௌபதியாக வந்து கூந்தல் விரித்து நிற்கும்போது, விடியவிடிய உட்கார்ந்திருக்கிற சனம் கையெடுத்துக் கும்பிடுகிறது. அந்தக் குரலுக்கும் நடைக்கும் எத்தனை வருஷப் பயிற்சி என்று ஊருக்குத் தெரியும். அதே ஊரில், இடுப்பை வளைத்து நடக்கிற ஏழு வயதுப் பையனைப் பார்த்து "பொட்ட" என்று கத்துகிறார்கள். இந்த ஊர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்காக மட்டுமே தொடங்கிய மருத்துவப் பள்ளி அது. 1947-இல்தான் ஆண்களைச் சேர்த்தார்கள். பெண்கள் நடுவில் போய் உட்கார்ந்து படிக்க இடம் கிடைத்ததை அந்த ஆண்களில் யார் தண்டனையாக நினைத்திருப்பார்?

வகுப்பில் செய்யக்கூடியது

முதலில் வகுப்பு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. "குழு வேலைக்கு யார் யாரோடு சேர விருப்பம்? மூன்று பேர் எழுது." அவ்வளவுதான். யாரைப் பிடிக்காது என்று எந்தக் காரணத்துக்காகவும் கேட்கக் கூடாது. கேட்ட அன்றைக்கு மதியமே மைதானத்தில் சண்டை. 30 பேர் வகுப்பில் 90 அம்புக்குறி வரும். பெண்ணுக்கு வட்டம், பையனுக்கு முக்கோணம் போட்டு அம்பு இழுத்தால் ஒரே தாளில் எல்லாம் தெரிந்துவிடும். வட்டத்துக்கும் முக்கோணத்துக்கும் இடையே போகிற அம்பு எத்தனை, ஒரு அம்புகூட வராத பிள்ளை யார், கேலிக்கு ஆளாகிற பிள்ளை இருந்தால் அது எழுதிய மூன்று பெயர் எவை, இவற்றை மட்டும் குறித்துக்கொண்டு சீட்டுகளைக் கிழித்துவிட வேண்டும். மேசை மேல் விட்டால் பிள்ளைகள் படித்துவிடுவார்கள்.

குழு என்றால் நாலு பேர், இரண்டு பெண், இரண்டு பையன். மூன்று பையன் நடுவே ஒரு பெண்ணையோ, மூன்று பெண் நடுவே ஒரு பையனையோ போட்டால் தனியாக விழுகிற பிள்ளை வாயே திறக்காது. கலந்த குழு வேலைக்கு ஆகாது என்ற முடிவுக்கு ஆசிரியரே வந்துவிடுவார். பெண் எண்ணிக்கை குறைவான வகுப்பென்றால் சில குழுவை முழுக்கப் பையன்களாகவே விடலாம், ஒற்றை ஆளாக மட்டும் பிரிக்க வேண்டாம். வேலையை நாலாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று: வராண்டாவை அளப்பது என்றால் ஒருவர் டேப் பிடிக்க, ஒருவர் அளவு படிக்க, ஒருவர் எழுத, ஒருவர் எழுந்து சொல்ல. பிள்ளைகளிடம் விட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: கையெழுத்து அழகு என்று எழுதுகிற வேலை பெண்ணுக்கு, எழுந்து சொல்கிற வேலை பையனுக்கு. அதனால் ஒன்று முதல் நாலு வரை எண் கொடுத்து, தினமும் வேலையை ஒரு எண் தள்ளிப் போட வேண்டும். அதே குழு குறைந்தது மூன்று நாலு வாரம் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு தரம் மாற்றினால் பழக்கம் பிடிப்பதற்குள் கலைந்துவிடும்.

இது நடக்காத காரியம் இல்லை. 2022-இல் அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகத்தானே பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்? அந்தப் பிரிவில் ஆண், பெண் என்ற கேள்விக்கே இடம் இல்லை. அதே பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போனதும் நடைவழிக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம்.

பாராட்டுவதில்தான் பலர் சறுக்குவார்கள். "பாருங்க, பசங்களும் பொண்ணுங்களும் எவ்ளோ அழகா சேர்ந்து செய்றாங்க" என்று வகுப்புக்கே கேட்கச் சொன்னால், சாதாரணமாக இருந்த இரண்டு பேர் சட்டென்று விலகி உட்காருவார்கள். வேலையைப் பாராட்ட வேண்டும்: "அளவு சரியா வந்திருக்கு, நாலு பேரும் சரிபார்த்திருக்கீங்க." லிசா செர்பினும் உடன் பணிபுரிந்தவர்களும் 1977-இல் இன்னொன்றும் காட்டினார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து விளையாடும்போது ஆசிரியர் பாராட்டியவரை அந்த விளையாட்டு கூடியது. பாராட்டை நிறுத்தியதும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. ஆகவே ஜூன் மாதம் ஆரம்பித்து ஆகஸ்டில் விட்டுவிடுகிற காரியம் இல்லை இது. உட்காரும் ஏற்பாடாகவே மாற்றி வைத்தால்தான் ஆசிரியர் மறந்த நாளிலும் அது நடக்கும்.

மைதானத்துக்கு வந்தால், கிரிக்கெட்டைக் கலப்பு விளையாட்டாக்க முயல வேண்டாம். ஒரு மட்டை, ஒரு பந்து, பத்து பேர் காத்திருப்பு. பெண்கள் எல்லைக்கோட்டில் நின்று பந்து பொறுக்குவார்கள், இரண்டாம் நாள் வர மாட்டார்கள். கோ-கோ எடுங்கள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் மாறிமாறி எதிரெதிர்த் திசை பார்த்து உட்கார்ந்திருக்க, ஒருவர் துரத்த வேண்டும். அவருக்குத் திரும்பி ஓட அனுமதி இல்லை, முதுகுப் பக்கம் வந்து "கோ" கொடுத்தால்தான் அடுத்தவர் எழ முடியும். தனி ஆள் பலத்தால் ஜெயிக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யாராக இருந்தாலும் கோ கொடுத்தே ஆக வேண்டும். ஏழு கல், கல்லா மண்ணா, கண்ணாமூச்சி எல்லாம் இந்த வகைதான். அணியைத் தலைவர்கள் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள், சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். கடைசியாக மிஞ்சி நிற்கிற பிள்ளையின் முகத்தை ஒரு தரம் பார்த்தவர்கள் தலைவர் முறையை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேலிக்குப் பதில் சொல்லவும் பழக்க வேண்டும். "கேலி செய்யாதே" என்று கதை சொல்லி அறிவுரை கொடுப்பது மட்டும் போதாது. 2009-இல் லிண்ட்சே லாம், ரெபெக்கா பிக்லர் முதலானோர் வெளியிட்ட ஆய்வில், பதில் வாக்கியத்தைத் தாங்களே வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பிள்ளைகள்தான், கதை மட்டும் கேட்டவர்களைவிட அதிகமாகக் கேலியை எதிர்த்துப் பேசினார்கள். நம் பிள்ளைகளுக்குச் சின்னதாக, வாயில் நிற்கிறதாக இருந்தால் போதும்: "ஆட்டத்துல இன்னா பையன், பொண்ணு? ஆட வர்றியா, இல்லியா?" ஜோடி ஜோடியாக நின்று, ஒருவர் கேலி பேச ஒருவர் இதைச் சொல்ல, அப்புறம் மாற்றிக்கொள்ள. அஞ்சு நிமிஷ வேலை. கேலிக்கு ஆளாகிற பிள்ளை மட்டும் பழகினால் பிரயோசனம் இல்லை; பக்கத்தில் நிற்கிறவன் சொன்னால்தான் எடுபடும்.

பெற்றோர் வருவார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல், "என் பொண்ண பையன் பக்கத்துல உட்கார வெச்சிட்டீங்களே டீச்சர்" என்று ஒரு அம்மா கட்டாயம் வந்து நிற்பார். அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. அவர் ஊரில் பெண்ணைப் பற்றி ஒரு பேச்சு வந்தால் படிப்பே நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஒன்று முதல் ஐந்து வரை அருகருகே உட்கார வைக்கலாம். ஆறு முதல் எட்டு வரை ஜோடி வேண்டாம்; நாலு பேர் குழுவில் பெண்கள் இருவர் ஒரு பக்கம், பையன்கள் இருவர் எதிர்ப்பக்கம், நடுவில் வேலை. இதை வகுப்பில் ஆரம்பிப்பதற்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்களில் இரண்டு அம்மாக்கள் ஒப்புக்கொண்டால் மற்றவர்களிடம் அவர்களே பேசிவிடுவார்கள்.

ஏற்கெனவே "பொட்ட" என்று பெயர் சூட்டப்பட்டுவிட்ட பையனுக்கு இதெல்லாம் மட்டும் போதாது. "நீயும் போய் அவனுங்களோட கிரிக்கெட் ஆடு" என்று அனுப்புவதுதான் வழக்கமான வைத்தியம். அங்கே போய் அவன் இன்னும் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டு வருவான். அவனுக்குக் கூட்டம் வேண்டாம், ஒரு ஆள் போதும். நெருங்கிய சிநேகிதன் ஒருவனோ ஒருத்தியோ இருந்தாலே கேலிக்கு ஆளான குழந்தையின் நிலை மேலும் மோசமாவது குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. துண்டுச் சீட்டில் அவன் எழுதியதாகக் குறித்துவைத்த மூன்று பெயரை எடுத்துப் பாருங்கள். அதில் கேலிக்கு அசராத பிள்ளை ஒன்று இருக்கும், ஆணோ பெண்ணோ. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பொறுப்பு கொடுங்கள்: மணி அடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நூலகப் பெட்டியைத் திறந்து மூடுவது. ஒரு பருவம் முழுக்க அது அவர்கள் வேலையாகவே இருக்கட்டும்.